பழைய வரிசை வீட்டில் எதை முதலில் பார்ப்பது, எதை எழுதி வைப்பது

கோலாலம்பூர் செந்தூலில் அப்பா விட்டுச்சென்ற இரட்டை மாடி வரிசை வீடு. 1970களின் கடைசியில் கட்டியது. அடுப்படிக் கூரை ஒழுகுகிறது, பின்கட்டுச் சுவரில் விரிசல், ஒரு ரொட்டி டின் நிறையப் பழைய ரசீதுகள், கையிலோ அளவான பணம். எங்கிருந்து தொடங்குவது, அந்த ரசீதுகளை வைத்திருப்பதா எறிவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கூரை போட்ட பிறகுதான் ஒழுகல் தொடங்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர், அடுத்து மின்சாரம், பிறகு கரையான், கடைசியில் சாயம். நம்மவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தீபாவளி நெருங்கிவிட்டது என்று சாயம் பூசுகிறார்கள். பொங்கலுக்குள் அது கொப்பளித்து உரிகிறது. சாயக் கம்பெனியைத் திட்டுகிறார்கள். ரசீதுகளை எறிய வேண்டாம். ஆனால் அவற்றை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். அப்பா எவ்வளவு கொடுத்தார் என்று ரசீது சொல்லும். சுவருக்குள் எதை விட்டுப் பூசினார்கள் என்று சொல்லாது. பழைய வீட்டில் உங்கள் பணத்தைத் தின்பது இந்த இரண்டாவதுதான்.

கூரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் தொல்லை அங்கேதான் இருக்கிறது. வரிசை வீடுகளின் கூரை பார்வைக்குத் தனித்தனி, கட்டுமானத்தில் ஒன்று. முகடு ஒரே கோடாக ஓடும். ஓடுகள் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. உங்கள் கடைசி வரிசை ஓடு பொதுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஓட்டோடு கோத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடுகளை எடுத்துவிட்டு உலோகத் தகடு போடும்போது அந்தக் கோவை அறுபடுகிறது. வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், பொதுச் சுவரின் மேல் இரண்டு மூன்று வரிசை செங்கல் எழுப்பி, தங்கள் கூரையை அதன் அந்தப் பக்கம் முடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பக்கம் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் பக்கம், அந்தப் புதுச் சுவரின் முகத்தில் அடிக்கும் மழை அப்படியே வழிந்து, வெட்டுப்பட்ட உங்கள் ஓட்டின் ஓரத்தில் இறங்கும்.

அந்த இணைப்பைச் சரியாக மூடுவது கடினமான வேலை இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சுவரில் விரல் நுழையும் ஆழத்துக்கு நீளமாக ஒரு காடி (பள்ளம்) வெட்ட வேண்டும். இணைப்பை மூடும் தகரத்தின் மேல் விளிம்பை மடித்து அந்தக் காடிக்குள் செருகி, காரை வைத்து அடைக்க வேண்டும். கீழ் விளிம்பு ஓட்டின் மேல் ஒரு சாண் அளவு படிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் சுவரில் வழியும் நீர் தகரத்தின் மேலாக வழிந்து ஓட்டுக்குப் போகும். காடி வெட்டச் சோம்பல் படுகிறவர்கள் தகரத்தைச் சுவரோடு ஒட்டவைத்து மேலே சிலிகான் பூசிவிடுவார்கள். இல்லாவிட்டால் அலுமினியத் தாள் ஒட்டிய தார் நாடா. கோலாலம்பூர் வெயிலில் அது சீக்கிரமே விளிம்பு விட்டுத் தூக்கிக்கொள்ளும். அடுத்த மழைக்கு நீங்கள் மீண்டும் வாளி தேடுவீர்கள். கூரை முழுவதற்கும் சாயம் பூசினால் ஒழுகல் நின்றுவிடும் என்று யாராவது விலை சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் ஒழுகல் அங்கேதான் என்று முடிவு கட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். சீலிங்கில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அரிது. நீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் வெகுதூரம் இறங்கி, ஏதாவது ஆணியில் தடைப்பட்டு அங்கே சொட்டும். நண்பகலில் சீலிங் திறப்பு வழியாக மேலே ஏறி, விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கண்ணைப் பழக்குங்கள். உடைந்த ஓடு இருந்தால் வெளிச்சப் புள்ளி தெரியும். பிறகு ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியே குழாயால் நீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் கூரையின் அடி விளிம்பு, பிறகு சற்று மேலே, பிறகு சுவர் இணைப்பு, கடைசியாக முகடு. ஒவ்வோர் இடத்திலும் நிதானமாக நேரம் கொடுங்கள். மேலிருந்து நீர் விட்டால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். முகட்டு ஓட்டுக்கு அடியில் உள்ள காரை வெடித்திருந்து, பழி பக்கத்து வீட்டார் மேல் விழுந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டைகள் ஓட்டை அடைத்த பிறகும் ஓய்வதில்லை.

மேலே ஏறியிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். பொதுச் சுவர் ஓட்டின் அடிவரை போய் முட்டுகிறதா, அல்லது சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகிறதா? சில பழைய வரிசைகளில் கூரைக்கு அடியில் வீட்டுக்கு வீடு திறந்தே கிடக்கும். அந்த வழியாக எலி வரும், தீப்பிடித்தால் புகையும் நெருப்பும் வரும், காலியாகக் கிடக்கும் வீட்டின் வழியே திருடனும் வருவான். உங்கள் வீடு அப்படி இருந்தால், புது அடுப்படிக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்பு அந்த இடைவெளியை அடைக்க ஒதுக்குங்கள்.

கூரை வேலைக்குக் காலமும் பாருங்கள். இங்கே ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும்தான் பிற்பகல் இடிமழை வெளுத்து வாங்கும். ஜூன், ஜூலை சற்று வறண்டிருக்கும். அப்போது ஓடுகளை இறக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஓட்டின் வடிவம் இப்போது கடையில் கிடைக்காமல் இருக்கலாம். வரிசையில் வேறு யாராவது கூரை மாற்றினால் வெட்கப்படாமல் போய்ப் பழைய ஓடுகளில் ஒரு நாற்பது ஐம்பதைக் கேட்டு வாங்கிப் பின்புறம் அடுக்கி வையுங்கள். இல்லையேல் ரோரோ எனும் கட்டடக் கழிவுத் தொட்டியில் குப்பையோடு போய்விடும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் பொதுச் சுவருக்கென்றே 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். யார் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், யார் செலவேற்க வேண்டும் என்று அது விவரமாகச் சொல்கிறது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. இடையூறு, கவனக்குறைவு என்ற பொதுவான அடிப்படையில் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு நீளத் தகரத்துக்காக வழக்கறிஞர் வைப்பது, தகரத்தின் விலையை நினைத்தால் நகைப்புக்குரியது. நீர் விட்டுச் சோதித்ததைக் காணொளி எடுங்கள். அதோடு போய் அவரைப் பாருங்கள். "உங்கள் கூரையால் என் வீடு கெட்டது" என்று தொடங்காதீர்கள். "அண்ணே, இணைப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, என் பக்கம் தகரம் போட உங்கள் சுவரில் காடி வெட்ட வேண்டும், சம்மதமா?" என்று கேளுங்கள். அவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் இதையே மலாயில் சொல்லப்போகிறீர்கள்; தொனி ஒன்றுதான். பெரும்பாலும் பாதிச் செலவுக்கு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டதை அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரி அனுப்பி, அவர் சரி என்று எழுதியதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பழுதுபார்ப்புப் பதிவுதான்.

இனி அந்த விரிசல். பின்கட்டு அப்பா காலத்தில் நீட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விரிசல் பழைய வீடும் நீட்டிய பகுதியும் சேரும் கோட்டில், கீழே மெல்லியதாகவும் மேலே போகப்போக அகன்றும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். கோலாலம்பூரில் பழைய தாமான் (குடியிருப்பு) எதற்குள் போனாலும் இதைப் பார்க்கலாம். மூல வீட்டை வீடமைப்பு மேம்பாட்டாளர் பாக்காவ் எனும் சதுப்புநில மரக் கழிகளையோ கான்கிரீட் தூண்களையோ அடித்து அதன் மேல் நிறுத்தியிருப்பார். பின்னால் நீட்டியவர் இரண்டு மூன்று அடி குழி தோண்டி, கான்கிரீட் கொட்டி, சுவர் எழுப்பியிருப்பார். முன்னது அசையாது, பின்னது நிரப்பிய மண்ணோடு மெல்ல இறங்கும். ஈயச் சுரங்கங்களாக (லம்பங்களாக) இருந்து தூர்த்த நிலமும் சுண்ணாம்புக்கல் படுகையும் இந்த நகரத்துக்கு அடியில் நிறைய உண்டு. செந்தூல், ஜிஞ்சாங் பக்கம் கேட்கவே வேண்டாம்.

அதைச் சிமெண்ட் வைத்துப் பூசுவது வீண். இரண்டு வேகத்தில் அசையும் இரண்டு கட்டடங்களைச் சிமெண்டால் ஒட்ட முடியாது. பக்கத்திலேயே புது விரிசல் விடும். இணைப்பை நேர்க்கோடாக வெட்டித் திறந்து, இழுபடக்கூடிய பாலியூரித்தேன் பசையால் நிரப்பி, இது இணைப்புக் கோடு என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஆனால் அதற்கு முன், பின்கட்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா, இறங்கி நின்றுவிட்டதா என்று தெரிய வேண்டும். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைத் தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து சுவரிலேயே குறியுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, அளவுகோலை அருகே வைத்துப் படம் எடுங்கள். ஆறு மாதத்தில் எண் மாறவில்லை என்றால் பசை போதும். மாறிக்கொண்டே போனாலோ, அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு சட்டத்தில் இடிக்கத் தொடங்கினாலோ, வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளரை விட்டுவிட்டுப் பதிவுபெற்ற பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.

அளக்கும் அந்தக் காலத்தில் அடுப்படித் தரைக்கு அடியில் போகும் கழிவுக் குழாயையும் பார்த்துவிடுங்கள். தரை இறங்கும்போது குழாய் மூட்டு விலகும். விலகிய மூட்டிலிருந்து வடியும் நீர் மண்ணை அரிக்கும். மண் அரிய அரியத் தரை மேலும் இறங்கும். குழாயைச் சரிசெய்யாமல் விரிசலை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சுவரில் ஓதம் ஏறியிருந்தால் கறையின் வடிவத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். தரையிலிருந்து இடுப்பளவு வரை ஒரே மட்டமாக, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்தின் ஈரம். சுவரின் நடுவே வட்டமாக இருந்தால் உள்ளே குழாய் கசிகிறது, அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணை விதிகள் பொதுச் சுவருக்கு 200 மில்லிமீட்டர் கனம் கேட்கின்றன; உங்கள் வீடு அதற்கு முன்பே எழுந்தது. முன்வாசலில் சுவரின் முனை தெரியும் இடத்தில் அளந்து பாருங்கள். மெலிந்த சுவராக இருந்தால் அதில் குழாய்க்கோ மின்கம்பிக்கோ காடி வெட்ட விடாதீர்கள்.

குழாய்கள். அந்தக் காலத்து வீடு என்றால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறதா, மாடியில் நீர் ஒழுக்கு மெலிந்துவிட்டதா? அப்படியானால் குழாயின் உட்புறம் துரு வளர்ந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இதைத் துண்டு துண்டாக மாற்றுவது தண்டச் செலவு. ஓரிடத்தை மாற்றினால் நீரழுத்தம் கூடி அடுத்த பலவீனமான மூட்டு போகும். ஒரே தடவையில் முழுவதையும் மாற்றுங்கள். புதுக் குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் வெளிச்சுவரில் தெரியும்படி ஓட்டச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும். பின்னால் கசிந்தால் தட்டோட்டை உடைக்க வேண்டியிருக்காது.

கண்ணுக்குத் தெரியாத கசிவு இருக்கிறதா என்று பார்க்க இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டி நிரம்பிய பின், மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறப்பதற்குள் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது. மீட்டர் வரை தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டினால் உங்களுடையது.

தண்ணீர் வெட்டுக்குப் பயந்து பலர் சீலிங்குக்கு மேலே பெரிய தொட்டியாக மாற்றிவிடுகிறார்கள். 200 கேலன் தொட்டி நிரம்பினால் ஏறத்தாழ 900 கிலோ. தொட்டியின் சட்டங்கள் இரு பக்கச் சுவரின் மேல் அமர்ந்திருக்கின்றனவா, அல்லது சீலிங்கைத் தாங்கும் மெல்லிய மரத்தின் மேலா என்று நேரில் பார்க்காமல் பெரிய தொட்டிக்குச் சம்மதிக்காதீர்கள்.

கழிப்பறை அடைத்துக்கொண்டால் ஒரு சுலபமான வழி: பின் சந்தில் உள்ள சாக்கடைக் குழியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். குழி நிரம்பி நின்றால் அடைப்பு பொதுக் குழாயில்; கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரைக் கூப்பிட வேண்டும். குழி காய்ந்து கிடந்தால் அடைப்பு உங்கள் இணைப்பில், செலவு உங்களுடையது. இதைப் பார்க்காமலே தனியாருக்குப் பணம் கொடுப்பவர்கள் அதிகம்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய பியூஸ் கட்டைகள் இன்னும் இருந்தால், கம்பிகள் மரப்பட்டியின் மேல் ஓடினால், முழுவதும் மாற்றும் காலம் கடந்துவிட்டது. அப்பா காலத்தில் ஒரு மின்விசிறி, ஒரு குளிர்பதனப் பெட்டி. இன்று அதே கம்பியில் குளிர்சாதனம், சுடுநீர்க் கருவி, மின்னடுப்பு எல்லாம் தொங்குகின்றன. 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி, கையில் பிடித்து இயக்கும் கருவிகள் இருக்கும் இடத்தில் மின்கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரிலும், தரை ஈரமாகும் இடத்தில் 10 மில்லி ஆம்பியரிலும் இயங்க வேண்டும். சுடுநீர்க் கருவிக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் பொருத்தச் சொல்லுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றான ஜி பாரத்தையும் சோதனைச் சான்றான எச் பாரத்தையும் கையொப்பத்தோடு வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். தெரிந்த பையன் மலிவாகச் செய்து தருவான் என்பார்கள். அவனிடம் இந்தப் பாரங்கள் இருக்காது.

சீலிங் பலகை, பின்புறத்து அலை அலையான கூரைத் தகடு இரண்டும் அந்தக் காலத்துச் சாம்பல்நிறச் சிமெண்ட் தகடாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். சேதமில்லாமல் சாயம் பூசிக் கிடந்தால் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். துளையிடுவது, ரம்பத்தால் அறுப்பது, உடைத்து வீசுவது கூடாது. ஆபத்து தூசியில் இருக்கிறது. எடுத்தே தீர வேண்டுமென்றால் பழக்கமுள்ளவர்களை வைத்து, நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும்.

கரையான் எல்லைக்கல்லை மதிக்காது. பொதுச் சுவரின் அடியில் மண்குழாய் தெரிகிறதா, கதவுச் சட்டத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டினால் வெற்றோசை கேட்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பி வரும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் அடித்தால் விலையும் குறையும். தரையைத் துளைத்து மருந்து விட்ட இடங்களைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு எப்போதாவது தரையை உடைத்துப் புதுக்கல் பதித்தால் அந்த மருந்து வேலி அங்கே அறுந்துபோகும். மீண்டும் அடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

இப்போது அந்த ரொட்டி டின்னுக்கு வருவோம்.

எல்லோரும் ரசீதைத் தேதி வரிசையில் அடுக்குவார்கள். பழுதுபார்ப்புக்கு அது உதவாது. குளியலறைச் சுவரில் ஆணி அடிக்கப்போகும்போது, 1996இல் என்ன செய்தோம் என்று யாரும் யோசிப்பதில்லை. இந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்றுதான் யோசிப்பார்கள். ஆகவே இடத்தின்படி எழுதுங்கள். கனமான அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். மளிகைக்கடைக் கடன் எழுதும் 555 புத்தகம் போதாது. சட்டைப்பைக்குத்தான் அது சரி. முதல் பக்கத்தில் அவசரத்துக்கு வேண்டியவை: தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே, மின்பெட்டி எங்கே, அதில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு, சாக்கடைக் குழி எங்கே, தண்ணீர், மின்சாரக் கணக்கு எண்கள். பிறகு கூரை, முன்கூடம், அடுப்படி, ஒவ்வோர் அறை, ஒவ்வொரு குளியலறை, பின்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் சில பக்கங்கள் ஒதுக்குங்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி:

"அடுப்படி, பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர். பழைய இரும்புக் குழாய் துண்டித்து, உள்ளேயே விடப்பட்டது. புதுக் குழாய் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், பின்வாசல் சட்டத்திலிருந்து 1.2 மீட்டர் வரை படுக்கையாக ஓடி, அங்கிருந்து செங்குத்தாக ஏறுகிறது. பூசுமுன் எடுத்த படங்கள் 3. செய்தவர், தொலைபேசி. தொகை. கொடுத்தவர். ரசீது எண் 14."

ஐந்து நிமிடத்தில் எழுதி முடிக்கலாம். "துண்டித்து, உள்ளேயே விடப்பட்டது" என்ற மூன்று சொற்கள் இல்லாமல் போனால், இன்னும் சில ஆண்டுகளில் ஒரு குழாய்க்காரர் சுவரை உடைத்து அந்தச் செத்த குழாயைக் கண்டு, நீர் வராத காரணம் இதுதான் என்று சத்தியம் செய்வார். வேலை நடக்கும் நாட்களில் சிமெண்ட் குழைக்கும் முன்பு வீட்டில் இருங்கள். அளவுநாடாவைச் சுவரில் பிடித்து, அது படத்தில் விழும்படி எடுங்கள். பூசிய பின் எடுக்கும் படம் உறவினருக்கு அனுப்பத்தான் உதவும்.

டின்னில் உள்ளவற்றை மூன்று கூறாக்குங்கள். கட்டுமான மாற்றம் தொடர்பானவை: நீட்டிப்பு, கூரை, மின்கம்பி, குழாய். இவற்றை என்றைக்கும் எறியக்கூடாது. கருவிகளின் உத்தரவாதங்கள்: கருவி போனதும் தாளும் போகலாம். மீதி, பல்ப் வாங்கியதும் பூட்டு வாங்கியதும்: இப்போதே குப்பைக்கு. கடைகளில் தரும் வழவழப்பான வெப்பத்தாள் ரசீதுகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிறிக்கொண்டே போகும். சிலவற்றில் ஏற்கெனவே எழுத்து மறைந்திருக்கும். மிச்சம் இருப்பதை இன்றைக்கே படம் எடுத்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்தால் கைப்பேசி மாற்றும்போது போய்விடும்.

நீட்டிப்புக்கு அப்பா மாநகர் மன்றத்தில் வரைபட அனுமதி வாங்கினாரா என்று டின்னுக்குள் தேடுங்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு அதற்கு அனுமதி கேட்கிறது. முத்திரையிட்ட வரைபடம் கிடைத்தால், அந்த டின்னிலேயே விலை கூடிய தாள் அதுதான். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் இதைக் கேட்பார். கிடைக்கவில்லை என்றால், விற்க அவசரம் வருவதற்கு முன்பே ஒரு வரைவாளரிடம் காட்டி, ஒழுங்குபடுத்த முடியுமா என்று கேளுங்கள்.

வரி விஷயத்திலும் ரசீதுக்கு வேலை இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டால், பழுதுபார்ப்புச் செலவை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம். புதிதாகக் கட்டிச் சேர்ப்பதைக் கழிக்க முடியாது. ஓட்டையான ஓடுகளை மாற்றுவது ஒரு வகை, மாடி எழுப்புவது வேறு வகை. ஆதாரங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். விற்றால், சொத்து ஆதாய வரிக் கணக்கில் வீட்டின் மதிப்பைக் கூட்டவோ காக்கவோ செய்த செலவு, விற்கும்போதும் வீட்டில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், கழிவுக்கு வரும். மலேசியக் குடிமக்களுக்கு 2022 முதல் ஆறாவது ஆண்டிலிருந்து அந்த வரி இல்லை. அதற்குள் விற்பவர்களுக்குத்தான் ரசீது பணமாகிறது. வாரிசாக வந்த வீட்டுக்கு வாங்கிய தேதியையும் விலையையும் எப்படிக் கணக்கிடுவது என்பதை வரி முகவரிடம் கேட்டு, அவர் சொன்னதையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.

குத்தகையாளர் அரைகுறையாக விட்டுப் போனால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. விலைப்புள்ளி, பணம் கொடுத்த சான்று, தேதியிட்ட படங்கள், செய்திப் பரிமாற்றம் வேண்டும். ஆகவே ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். ரசீதில் நிறுவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். "கூரை வேலை, மொத்தம்" என்று ஒரே வரியில் விலை எழுதித் தருபவரிடம், எத்தனை மீட்டர் தகரம், எத்தனை ஓடு என்று பிரித்துக் கேளுங்கள். முணுமுணுத்துக்கொண்டாவது எழுதித் தருபவர் வேலை தெரிந்தவர்.

வீட்டுக் காப்புறுதி இன்னும் அப்பா பெயரில் ஓடுகிறதா என்று உடனே பாருங்கள். காப்புறுதித் தொகை இன்று இந்த வீட்டை இடித்துக் கட்ட ஆகும் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும். நிலத்தின் விலை அதில் சேராது. தொகை குறைவாக இருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். நாள்பட்ட தேய்மானத்துக்கு எந்தக் காப்புறுதியும் பணம் தராது. குழாய் வெடித்து நீர் புகுந்தால் தரலாம். அப்போது, குழாய் நல்ல நிலையில்தான் இருந்தது என்று காட்ட உங்கள் நோட்டு உதவும்.

கடைசியாக, உங்கள் தம்பி மெல்பர்னில் இருக்கிறார், வீடு இருவருக்கும் பொது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதிரிப் பதிவில் "கொடுத்தவர்" என்று ஓர் இடம் விட்டிருப்பது அதற்காகத்தான். இப்போது இருவரும் ஒற்றுமையாக இருக்கலாம். விற்கும் நாளில் கூரைக்கு யார் கொடுத்தது என்று இருவருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும். அவசரப் பழுதுக்கு எந்தத் தொகை வரை அவரைக் கேட்காமல் நீங்கள் செலவழிக்கலாம் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக எழுதிய பக்கங்களை மாதக் கடைசியில் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அவர் தன் பங்கை அனுப்பும்போது வங்கிக் குறிப்பில் அந்த ரசீது எண்ணையே போடச் சொல்லுங்கள்.